மீன் தொட்டியில் திடீர் குஞ்சுகள்: காப்பாற்றுவதா, கொடுப்பதா, அப்படியே விடுவதா?

காலையில் ஆபீஸ் கிளம்பும் அவசரம். மீனுக்குத் தீனி போட மூடியைத் திறந்தால், கண்ணாடி ஓரத்தில் செடிக்குப் பின்னால் ஏதோ துள்ளுகிறது. தூசி என்று நினைத்துக் குனிந்து பார்த்தால் அதற்கு இரண்டு கண்கள் இருக்கின்றன. ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத உடம்பு, கண்ணாடி மாதிரி ஒரு வால். பக்கத்தில் இன்னொன்று. எண்ண ஆரம்பித்தால் இருபதைத் தாண்டிப் போகிறது.

"நேத்து வரைக்கும் நாலு மீன்தானே இருந்துச்சு?"

கப்பி வளர்க்கும் வீடுகளில் இந்தக் கேள்வி எழாமல் இருப்பதுதான் அதிசயம். முதல் முறையாக மீன் தொட்டி வாங்குபவர்களுக்குக் கடைக்காரர்கள் பெரும்பாலும் கையில் கொடுப்பது கப்பி, மோலி, பிளாட்டி வகைகளைத்தான். விலை குறைவு, நிறம் அழகு, சீக்கிரம் சாகாது. மூன்றும் உண்மை. நான்காவது உண்மையைப் பலரும் சொல்வதில்லை. இவை முட்டையிடாமல் நேரடியாகக் குட்டி போடும் மீன்கள். அதையும் ஏறக்குறைய மாதம் ஒருமுறை போடும்.

முதல் நாள் சந்தோஷம்தான். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தாகிவிடும். மூன்றாவது மாதம், அதே ஒன்றரை அடித் தொட்டியில் தண்ணீர் கலங்கி, பெரிய மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்போதுதான் பிரச்சினை புரியும்.

ஆண் மீனே இல்லையே, எப்படி?

"நான் வாங்கினது ரெண்டும் பெண் மீன்தான், அப்புறம் எப்படி?" என்று குழம்புபவர்கள் நிறைய. கடைத் தொட்டியில் ஆணும் பெண்ணும் கலந்தே இருக்கும். அங்கேயே இணை சேர்ந்த பெண் கப்பிதான் பாலிதீன் பையில் உங்கள் வீட்டுக்கு வருகிறது. அதோடு முடியவில்லை. பெண் கப்பியால் ஆணின் விந்தணுவை உடலுக்குள்ளேயே மாதக்கணக்கில் சேமித்து வைக்க முடியும். ஒருமுறை இணை சேர்ந்தால் போதும், அடுத்தடுத்த பல பிரசவங்களுக்கு அதுவே கைகொடுக்கும்.

எவ்வளவு காலம்? கப்பியின் தாயகங்களில் ஒன்றான டிரினிடாட் தீவின் ஓடைகளில் மீன்களுக்கு அடையாளமிட்டு, மரபணுச் சோதனை மூலம் யார் பிள்ளை யார் என்று கண்டுபிடித்த ஓர் ஆய்வு 2013-ல் வெளியானது. குறைந்தது நான்கில் ஓர் ஆண் கப்பி, தான் செத்துப்போன பிறகும் தந்தையாகியிருந்தது. அதிகபட்சம் 10 மாதங்கள் கழித்துக்கூட. ஆக, 'பெண் மீனை மட்டும் வாங்கினால் குட்டி வராது' என்ற கணக்கு கப்பியிடம் எடுபடாது. உறுதியாகக் குட்டி வேண்டாம் என்றால் ஆண்களை மட்டும் வாங்குவதே வழி. வாலில் வண்ணம் காட்டுவதும் ஆண்கள்தான் என்பதால் அதில் நஷ்டமும் இல்லை.

ஆணைக் கண்டுபிடிப்பது சுலபம். வயிற்றுக்கு அடியில், வாலுக்கு முன்னால் இருக்கும் துடுப்பைப் பாருங்கள். பெண்ணுக்கு அது விசிறி மாதிரி விரிந்திருக்கும். ஆணுக்குக் குச்சி மாதிரி ஒல்லியாகப் பின்னோக்கி நீண்டிருக்கும். பெண்ணுக்கு அந்த இடத்துக்குச் சற்று மேலே வயிற்றில் ஒரு கருமையான புள்ளியும் தெரியும். அந்தப் புள்ளி பெரிதாகி அடர்ந்து, வயிறு உருண்டையாக இல்லாமல் பெட்டி மாதிரி சதுரமாகத் தெரிந்தால், பிரசவம் இன்றோ நாளையோ.

ஒரு பிரசவத்துக்கு ஏன் இத்தனை குட்டி?

கப்பி ஒரு தடவைக்குப் போடும் குட்டிகளின் எண்ணிக்கை தாயின் அளவைப் பொறுத்தது. சின்னப் பெண் பத்துக்குள் நிறுத்திக்கொள்ளும். நன்றாக வளர்ந்த பெண் முப்பது, ஐம்பது என்று போகும். இவ்வளவு சின்ன மீனுக்கு ஏன் இவ்வளவு பெரிய குடும்பம்? இதற்கான பதில் டிரினிடாட் மலை ஓடைகளில் இருக்கிறது.

அங்கே அருவிகளுக்குக் கீழே உள்ள பகுதிகளில், வளர்ந்த கப்பிகளையே விழுங்கும் பெரிய மீன்கள் உண்டு. அருவியைத் தாண்டி அவற்றால் மேலே ஏற முடியாது. அதனால் மேல்பகுதிக் கப்பிகளுக்கு ஆபத்து குறைவு. கீழே வாழும் கப்பிகள் சீக்கிரம் வயதுக்கு வந்து, நிறையக் குட்டிகளைச் சின்னச் சின்னதாகப் போடுகின்றன. மேலே வாழ்பவை நிதானமாக வளர்ந்து, குறைவான எண்ணிக்கையில், கொஞ்சம் பெரிய குட்டிகளாகப் போடுகின்றன. இது தற்செயலா என்று பார்க்க, ஜான் எண்ட்லர் என்ற உயிரியலாளர் 1976-ல் கீழ்ப்பகுதிக் கப்பிகளைப் பிடித்து, கப்பியே இல்லாத ஒரு மேல்பகுதி ஓடையில் விட்டார். 11 ஆண்டுகளில் அவற்றின் வாரிசுகள் தாமதமாக வயதுக்கு வரவும், குறைவாகவும் பெரிதாகவும் குட்டி போடவும் மாறியிருந்தன. டேவிட் ரெஸ்னிக் குழுவினருடன் சேர்ந்து எண்ட்லர் 1990-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட இந்த முடிவு, பரிணாமத்தைக் கண்ணெதிரே காட்டிய ஆய்வுகளில் ஒன்றாக இன்றும் பேசப்படுகிறது.

மீன் தொட்டிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், இதுதான் சம்பந்தமே. கப்பி முப்பது குட்டி போடுவது முப்பதும் பிழைக்கும் என்பதற்காக அல்ல. பெரும்பாலானவை யாருக்காவது இரையாகும் என்ற 'எதிர்பார்ப்பு' அந்த எண்ணிக்கைக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் ஹாலில் இருக்கும் கண்ணாடித் தொட்டியில் வேட்டையாடும் மீன் இல்லை, கொக்கு இல்லை, வெள்ளம் இல்லை. நேரம் தவறாமல் தீனி மட்டும் விழுகிறது. எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைத்திருந்த எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கப்பி மட்டும் உள்ளே வந்திருக்கிறது. எத்தனை குஞ்சு வளர வேண்டும் என்ற முடிவு, பிடிக்கிறதோ இல்லையோ, தொட்டிக்காரர் கைக்கு வந்துவிடுகிறது.

ஒரு தோராயக் கணக்கு போடலாம். ஒரு தாய் மாதம் 30 குட்டி போடுகிறது, நீங்கள் பாசத்தோடு பிரித்து வளர்த்து அதில் 20 பிழைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நான்கு பிரசவத்தில் 80. முதல் ஈட்டில் பிழைத்த 20-ல் பாதி பெண். மூன்று மாதத்தில் அந்தப் பத்தும் தாயாகி, ஆளுக்கு வெறும் பத்து குட்டி போட்டாலே இன்னொரு 100. நான்கே மாதத்தில் 180 மீன். ஒன்றரை அடித் தொட்டியில் பிடிப்பது சுமார் 40 லிட்டர் தண்ணீர். ஃபில்டர் நன்றாக ஓடினாலும் பத்து, பதினைந்து வளர்ந்த கப்பிக்குத்தான் அது வசதி.

மீறினால் என்ன ஆகும்? மீனின் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும், மிஞ்சிய தீனி அழுகுவதாலும் அம்மோனியா சேரும். ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு ஆபத்து குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். அந்த பாக்டீரியாக் கூட்டம் பத்து மீனின் கழிவுக்கு ஏற்ப வளர்ந்தது. திடீரென்று ஐம்பது மீனுக்கு வேலை பார்க்கச் சொன்னால் திணறிவிடும். வெயில் காலத்தில் இது இன்னும் மோசம். தண்ணீர் சூடேற ஏற அதில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறையும், அம்மோனியாவின் நச்சோ கூடும். கண்ணுக்குத் தண்ணீர் பளிங்கு மாதிரி தெரிந்தாலும் மீன் சாகலாம். அப்போது முதலில் சாவது குஞ்சுகளாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

சரி, இப்போது குஞ்சு வந்தாகிவிட்டது

முதல் வேலை ஃபில்டர். டாப் ஃபில்டரோ, உள்ளே ஒட்டும் பவர் ஃபில்டரோ, தண்ணீரை உறிஞ்சும் வாயில் குஞ்சுகள் இழுபட்டுப் போகும். ஒரு ஸ்பான்ஜ் துண்டை அந்த வாயில் செருகினால் போதும். ஏர் பம்பில் ஓடும் ஸ்பான்ஜ் ஃபில்டர் இருந்தால் இந்தக் கவலையே வேண்டாம். குஞ்சுகள் அதன் மேலேயே மேய்ந்துகொண்டிருக்கும்.

அடுத்ததுதான் சிக்கலான கேள்வி. தாயே குஞ்சைத் தின்னுமாமே?

தின்னும். கப்பிக்குப் பிள்ளைப் பாசம் கிடையாது. வாய்க்குள் நுழையும் அளவில் எது அசைந்தாலும் அது இரைதான். இதைப் பார்த்து அதிர்ச்சியாகி, எல்லாக் குஞ்சுகளையும் அவசர அவசரமாக வலை போட்டு அள்ளி, டப்பாவில் பிரித்து வைப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. பிரச்சினை தொடங்கும் இடமும் இதுதான். அந்த நிமிடத்தில் காப்பாற்றிய முப்பதுக்கும், மூன்று மாதம் கழித்து வீடு தேட வேண்டும்.

வளர்க்க இன்னொரு தொட்டியும் நேரமும் இருந்தால், தாராளமாகப் பிரிக்கலாம். இல்லையென்றால் குஞ்சுகளைப் பிரிக்காமல் அதே தொட்டியில் விடுவதில் எந்தக் கொடுமையும் இல்லை. கொஞ்சம் ஜாவா மாஸ், நீரில் மிதக்கும் செடிகள் இருந்தால், அதற்குள் ஒளிந்து சாமர்த்தியமான இரண்டு மூன்று பிழைத்துக்கொள்ளும். ஓடையில் நடப்பதும் அதுதான். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை விளக்குவது கஷ்டம், உண்மைதான். 'கடவுள்கிட்ட போயிடுச்சு' என்பதைவிட 'பெரிய மீன் சாப்பிட்டுடுச்சு' என்று சொல்லிவிடுவது மேல். பல்லி பூச்சியைப் பிடிப்பதைப் பார்க்கும் பிள்ளைகள்தானே.

கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் பிரீடிங் பாக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. கர்ப்பிணி மீனை அதில் போட்டு வைத்தால் குட்டிகள் அடியில் உள்ள இடுக்கு வழியாகத் தப்பிக்கும் என்பது ஏற்பாடு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உள்ளங்கை அளவு டப்பாவில் நாள்கணக்கில் அடைபட்ட மீன் மிரண்டுபோய், குறைப்பிரசவம் ஆவதும் செத்துப்போவதும் உண்டு. அந்த டப்பாவைத் தாய்க்குப் பயன்படுத்துவதைவிட, பிறந்த குஞ்சுகளைச் சில நாள் வைத்திருக்கப் பயன்படுத்தலாம்.

வளர்ப்பது என்று முடிவு செய்தால், எத்தனை என்று எண்ணை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஐந்து என்றால் ஐந்து. தீனி பெரிய விஷயம் இல்லை. பெரிய மீனுக்குப் போடும் அதே ஃபிளேக்ஸை விரலால் மாவாகப் பொடித்து, ஒரு சிட்டிகைக்கும் குறைவாக, நாளைக்கு மூன்று நான்கு முறை போடலாம். வேலைக்குப் போகிறவர்கள் காலையில் ஒன்று, மாலையில் இரண்டு என்று பிரித்தாலும் குஞ்சு வளரும். அவித்த முட்டை மஞ்சள் கரு பழைய வைத்தியம். ஊசி முனையளவு கரைத்து விட்டால் நல்ல ஊட்டம், கொஞ்சம் கூடினாலும் தண்ணீர் நாறிவிடும். மீன் கடைகளில் கிடைக்கும் ஆர்ட்டீமியா முட்டையை உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்றுக் குழாயை விட்டால், ஒரு நாளில் பொரிந்து வரும் நுண்ணிய இறால் குஞ்சுகள்தான் எல்லாவற்றிலும் சிறந்த தீனி. 'கொசுப் புழு பிடித்துப் போடுகிறேன்' என்று மொட்டை மாடியில் பக்கெட் தண்ணீரைத் திறந்து வைக்க வேண்டாம். குஞ்சு வளர்வதற்குள் வீட்டில் யாருக்காவது டெங்கு வரும்.

வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால், கடையில் ஆன்ட்டி குளோரின் என்று கேட்டால் கிடைக்கும் சொட்டு மருந்தை முதலில் கலந்துவிட்டு ஊற்றுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கிறதே என்ற கவலை கப்பிக்கு வேண்டாம். கடினத் தண்ணீர் அதற்குப் பிடிக்கும். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் வைத்துக் கசக்கினால் அதில் உள்ள பாக்டீரியாக்கள் போய்விடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

முக்கியமான தேதி ஒன்று இருக்கிறது. பிறந்து மூன்று, நான்கு வாரத்தில் ஆண் குஞ்சுகளின் அடித்துடுப்பு ஒல்லியாகத் தொடங்கும். அப்போதே ஆணையும் பெண்ணையும் பிரித்துவிட வேண்டும். அண்ணன் தங்கை பார்க்காது கப்பி. அதைத் தவறவிட்டால் மேலே போட்ட 180 கணக்கு உங்கள் வீட்டிலேயே நடக்கும். தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்துக்குள் குட்டி போட்டால் பலவீனமான, முதுகு வளைந்த குஞ்சுகளும் கூடும்.

மிஞ்சியதை யாருக்குக் கொடுப்பது?

வண்ண மீன் கடைகள் சில, நன்றாக வளர்ந்த கப்பிகளை வாங்கிக்கொள்ளும். காசாகத் தராவிட்டாலும் தீனி பாக்கெட், செடி என்று ஏதாவது கைமாறும். மூன்று வாரக் குஞ்சை யாரும் சீண்ட மாட்டார்கள். இரண்டு மாதமாவது வளர்ந்து நிறம் தெரிய வேண்டும். சென்னைக்காரர்களுக்குக் கொளத்தூர் இருக்கிறது. வண்ண மீன் வளர்ப்பும் வியாபாரமும் குடிசைத் தொழிலாகவே நடக்கும் பகுதி அது. ஆனால் அங்கே தொழில்முறையாக வளர்ப்பவர்களிடமே கப்பி குவிந்து கிடக்கிறது, உங்கள் வீட்டுக் கலப்புக் கப்பிக்கு விலை எதிர்பார்க்காதீர்கள். அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் 'இலவசம்' என்று போட்டால் இரண்டு நாளில் ஆள் வந்துவிடும். கொடுக்கும்போது பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. கூடவே 'இது மாதாமாதம் குட்டி போடும்' என்ற தகவலையும் சேர்த்துக் கொடுங்கள். உங்களுக்கு யாரும் சொல்லவில்லை அல்லவா.

பெரிய மீன் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அவருக்கு இரையாகக் கொடுக்கலாம். சிலருக்கு இது மனசு ஒப்பாது. நோயில்லாத குஞ்சு என்றால் அந்த மீனுக்கு அது நல்ல சாப்பாடு.

முதுகு வளைந்து, நீந்த முடியாமல் அடியிலேயே கிடக்கும் குஞ்சை என்ன செய்வது என்பது யாரும் கேட்கத் தயங்கும் கேள்வி. டாய்லெட்டில் போட்டு ஃபிளஷ் செய்வது, வெளியே எடுத்துக் காயவிடுவது இரண்டும் சித்திரவதை. மீன்களை மயக்கப் பயன்படும் கிராம்பு எண்ணெயைச் சில சொட்டு எடுத்து, சிறு பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீருடன் நன்றாகக் குலுக்கி, மீன் இருக்கும் கிண்ணத்தில் மெதுவாக ஊற்றினால் அது முதலில் மயங்கும். அளவு கூடும்போது மயக்கத்திலேயே மூச்சு நிற்கும். செவுள் அசைவு நின்ற பிறகும் பத்து நிமிடத்துக்கு மேல் அப்படியே விட்டுவிட வேண்டும்.

ஏரியில் விட்டால் புண்ணியம் இல்லையா?

இல்லை. 'பாவம், பொழச்சுப் போகட்டும்' என்று பக்கத்து ஏரியிலோ கோயில் குளத்திலோ ஊற்றிவிட்டு வருவது செய்யவே கூடாத காரியம். பெரும்பாலானவை சாகும் என்பது ஒரு பக்கம். சாகாமல் பிழைத்தால்தான் பெரிய தலைவலி.

தென் அமெரிக்காவின் வடக்கிலும் டிரினிடாட் பக்கமும் இருந்த கப்பி, இன்று 60-க்கும் மேற்பட்ட நாடுகளின் நீர்நிலைகளில் அந்நிய மீனாகப் பரவியிருக்கிறது. ஒரே ஒரு கர்ப்பிணிப் பெண்ணைத் தனியாக விட்டாலே அங்கே ஒரு கூட்டம் உருவாகி நிலைக்க முடியும் என்று 2011-ல் வெளியான ஓர் ஆய்வு செய்தே காட்டியது. விந்தணுவைச் சேமிக்கும் அதே திறமைதான் காரணம். உங்கள் தொட்டியை நிறைத்த அதே விஷயம், ஏரியில் வேறு வேலை பார்க்கும்.

"கொசு ஒழிக்க அரசாங்கமே மீன் விடுதே?" என்பது நியாயமான கேள்வி. கப்பி இந்தியாவுக்கு வந்ததே 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கொசுப் புழுவைத் தின்பதற்காகத்தான். கம்பூசியா 1928-ல் வந்தது. சுகாதாரத் துறை இந்த மீன்களை இன்றும் பயன்படுத்துகிறது. ஆனால் எந்தக் கிணறு, எந்தத் தொட்டி, எவ்வளவு மீன் என்று பார்த்து விடுவது வேறு. வீட்டில் மிஞ்சியதை ஏரியில் கொட்டுவது வேறு. கொசுப் புழுவைத் தின்னும் நாட்டு மீன்கள் நம் குளங்களிலேயே இருக்கின்றன. வந்தேறிகள் அவற்றின் இரைக்கும் இடத்துக்கும் போட்டி போடும், அவற்றின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். தொட்டியில் இருந்த நோய்க்கிருமிகளும் கூடவே போய்ச் சேரும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 1952-ல் வளர்ப்பு மீனாகக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை இன்று எந்த ஏரியில் இல்லை? தொட்டிப் பாசியைத் தின்னும் என்று வாங்கி வந்து, அடி அளவு வளர்ந்ததும் ஏரியில் விடப்பட்ட சக்கர் மீன், இன்று தமிழ்நாட்டு மீனவர்கள் வலையில் சிக்கி வலையையே நாசம் செய்கிறது. கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு, அமேசானைச் சேர்ந்த அராபைமா ஆறுகளில் பிடிபட்டது. அதுவும் யாரோ வளர்த்த மீன்தான்.

தண்ணீர் மாற்றும்போதும் ஒரு கவனம் வேண்டும். அழுக்குத் தண்ணீரோடு குஞ்சுகள் பக்கெட்டுக்கு வந்துவிடும். அதைக் கால்வாயில் ஊற்றாமல், ஒருமுறை பார்த்துவிட்டுச் செடிகளுக்கு ஊற்றுங்கள். நைட்ரேட் இருப்பதால் மாடித் தோட்டத்துக்கு அது நல்ல உரம்.

ஒரு தகவல். இந்த மீனுக்குப் பெயர் தந்த ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி, டிரினிடாடிலிருந்து இதைப் பிடித்து லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியவர். புதிய மீன் என்று நினைத்து 1866-ல் அவர் பெயரையே வைத்தார்கள். ஜெர்மானிய ஆய்வாளர் ஒருவர் 1859-லேயே இதை விவரித்துவிட்டார் என்பது பிறகு தெரிந்ததால், அறிவியல் பெயரிலிருந்து கப்பி கழன்றுபோனார். கடைகளில் மட்டும் நிலைத்துவிட்டார்.

இன்று காலை குஞ்சுகளைப் பார்த்தவர்கள் மொபைல் காலண்டரில் இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ளலாம். 21-ம் நாள், ஆண் பெண் பிரிக்கத் தொடங்க. 28-ம் நாள், தாயின் அடுத்த பிரசவத்துக்கு. இடையில் ஒரு நாள் குனிந்து பெரிய பெண் மீனின் வயிற்றைப் பாருங்கள். அந்தக் கரும்புள்ளி மறுபடி அடர ஆரம்பித்திருக்கும்.